நெஞ்சில் வாளோடு வந்தவள்

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில், நெஞ்சில் வாள் குத்திய ஒருத்தி பல மாதம் உட்கார்ந்திருந்தாள். தினமும் அவளுக்குச் செம்பருத்தி உண்டு, சூடம் உண்டு, வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழமும் உண்டு. அவள் யார் என்பது மட்டும் அவளுக்குப் பூப் போட்ட என் அம்மாவுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் மலாக்கா காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். செட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் வட்டிக்கடையை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாயே தாய்மொழியாகிப்போன மலாக்காச் செட்டி வம்சம்; அவருக்கும் வட்டிக்கும் சம்பந்தமே இல்லை. சாரோங் கட்டி, கெபாயா ரவிக்கை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, மாரியம்மனிடம் மலாயில் முறையிடுகிறவர் அவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமிகளின் பெயரும் பலகாரங்களின் பெயரும்தான். என் அம்மாவோ ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த மலாய் பாசாரில் பொறுக்கியது. மீனும் காயும் வாங்கிவர அது போதும். சாமி விஷயத்துக்குப் போதாது என்று யாருக்குத் தெரிந்தது?

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா பத்து பெரெண்டாமில் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் கான்வென்ட்டில் இங்கிலீஷ் படிக்கவைக்க முடியும் என்றார். அக்காவை அனுப்பினார், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது மூட்டை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினாறு வயதில் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினாலே அவளுக்கு மூச்சிரைத்தது. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை கட்டுப்போடுகிற மலாய்க்கார டிரெஸ்ஸர் எங்கள் அம்மாவுக்கு மொழிபெயர்த்தார். "சாகிட் ஜந்தோங்." அம்மா திருதிருவென்று விழித்தாள். அவளுக்குத் தெரிந்த ஜந்தோங் பாசாரில் விற்கும் வாழைப்பூ. மலாய்க்காரர்களுக்கு வாழைப்பூவும் ஜந்தோங்தான், மார்புக்குள் துடிக்கிற இதயமும் ஜந்தோங்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? "வாழைப்பூ சாப்பிட்டதுல வந்ததா தம்பி?" என்று டிரெஸ்ஸரைத் தமிழிலேயே கேட்டாள். அக்கா மூச்சிரைப்போடு சிரித்துச் சிரித்து, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். விஷயம் புரிந்த பிறகும் அம்மா வாழைப்பூவை மட்டும் மன்னிக்கவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாழைப்பூ சமைத்ததில்லை.

மருந்து கொடுத்தார்கள். படுத்தே இருக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்பா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்த மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் புரியாது.

படம் வந்தது உஜோங் பாசிரிலிருந்து. அங்கே கடலோரத்தில் போர்த்துகீசிய வம்சத்து மீனவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் கூனி என்கிற பொடி இறாலும், கூனியை உப்பில் ஊறவைத்த சிஞ்சாலோக் புட்டிகளும் கூடையில் சுமந்து எங்கள் தெருவுக்கு விற்க வருவார். பூப்போட்ட கவுன், கழுத்தில் சிலுவை, காலில் கட்டைச் செருப்பு. நாங்கள் அவரைக் கூனிக்காரம்மா என்போம். ஒருநாள் பின்வாசலில் கூடையை இறக்கியவர், பாயில் படுத்திருந்த அக்காவைப் பார்த்தார். என்ன நோய் என்று கேட்டார். அம்மா தன் மார்பில் கையை வைத்துக் காட்டினாள். கூனிக்காரம்மா அன்றைக்கு விலைகூடப் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தைக் கூடைக்கு அடியிலிருந்து எடுத்தார்.

கண்ணாடிச் சட்டம் போட்ட அச்சுப்படம். நீலப் போர்வை போர்த்திய ஒரு வெள்ளைக்காரப் பெண். மார்புக்கு வெளியே ஒரு சிவப்பு இதயம், அதில் பிடிவரை இறங்கிய வாள். கன்னத்தில் கண்ணாடி மணி மாதிரி இரண்டு கண்ணீர்த் துளி. கீழே அம்மாவுக்கும் எனக்கும் படிக்க வராத எழுத்தில் இரண்டு சொல்.

"மாக் சாகிட் ஹாத்தி," என்றார் கூனிக்காரம்மா.

மாக் என்றால் அம்மா. சாகிட் ஹாத்தி என்றால் மனசு நொந்து போவது. மலாய் பேசுகிற யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். என் அம்மா சொல்லுக்குச் சொல் கூட்டிப் பார்த்தாள். சாகிட் என்றால் நோய். ஹாத்தி என்றால் நெஞ்சு. ஆக, நெஞ்சு நோய்க்கு ஓர் அம்மன்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கள் தெரு மாரியம்மனுக்குச் செட்டி மக்கள் வருடா வருடம் எடுக்கும் திருவிழாவுக்கே டத்தோ சாச்சார் என்றுதான் பெயர். சாச்சார் என்றால் அம்மை நோய். நோயின் பெயரைச் சொல்லித்தான் இந்தத் தெருவில் சாமியையே கூப்பிட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டத்தோ சாச்சார் ஆடா, இனி புன் ஆடா லா," என்று சொல்லிவிட்டார். அம்மைக்கு ஒருவர் இருந்தால் நெஞ்சுக்கு ஒருத்தி இருக்கமாட்டாளா என்று அர்த்தம். வாளைப் பற்றி அம்மாவுக்குச் சந்தேகமே எழவில்லை. "அலகு குத்தியிருக்கா. புள்ளைக்காக நேந்துக்கிட்டு, தானே நெஞ்சுல குத்திக்கிட்டா போல," என்றாள்.

கிறிஸ்தவர்களின், அதாவது வேதக்காரர்களின், சாமி என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் தோட்டத்து மாதா கோயிலில் அவள் பார்த்திருந்த மேரி மாதா கையில் பிள்ளையை வைத்திருப்பாள். இவள் கையில் பிள்ளை இல்லை. ஆகவே இவள் வேறு ஒருத்தி. நம்மிலும் மாரி வேறு, காளி வேறு இல்லையா?

அம்மா உடனே ஒரு தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, கற்பூரம் ஏற்றி, அந்தப் படத்துக்கு வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள். "வா தாயி, வா. இது உன் வீடு," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கூனிக்காரம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டார்.

என் கண்ணுக்கு அந்தப் படம் அழகாகப் பட்டதே இல்லை. இப்போதும் படாது. எந்த ஊர்க்காரன் வரைந்தானோ, அழுகிற பெண்ணை அவன் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. நெஞ்சில் ஒரு வாளை வாங்கிக்கொண்டு, தலைமுடி கலையாமல், மூக்கு நுனி சிவக்காமல், பவுடர் போட்ட முகத்தோடு எவளாவது அழுவாளா? லட்சுமி படத்தை அச்சடித்தவனும் யோக்கியன் இல்லை. அவள் தாமரையில் நிற்கிற நிலையில் நான் நின்றால் குப்புற விழுவேன். ஆனால் லட்சுமி சிரிக்கிறாள், சிரிப்பில் பொய் இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அந்த வருடம் நாடு சுதந்திரம் வாங்கியது. தெருவெல்லாம் வளைவும் கொடியும். அப்பா பேப்பரிலிருந்து பிரதமர் படத்தை வெட்டி முருகனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அதற்கு முந்திய சில வாரங்கள் அக்காவுக்குத் தேறித்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மாளின் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் பார்த்தாள். மெர்டேக்கா என்று கத்த அவளுக்கு மூச்சு போதாது. நான் அவளுக்கும் சேர்த்துக் கத்தினேன். அம்மா உள்ளே ஓடிப்போய் வாள் குத்தினவளுக்கு ஒரு சூடம் கூடுதலாக ஏற்றினாள். "பாத்தியா, உக்காந்திருக்கா பாத்தியா," என்று அவளிடமே பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்காவால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. கான்வென்ட்டிலிருந்து அவளுடைய டீச்சர் ஒருநாள் பார்க்க வந்தார். தமிழ்க் கிறிஸ்தவர், வெள்ளைச் சேலை, கையில் ஆரஞ்சுப் பழங்கள். பழத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர் சாமித் தட்டைப் பார்த்தார். கண்ணாடி மேல் குங்குமம், சட்டத்தைச் சுற்றிச் செம்பருத்தி, வாளின் பிடிக்கு நேராக நூலில் தொங்கும் எலுமிச்சம்பழம். டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்தப் படம் இங்க எப்படிங்க?"

"இவங்கதான் டீச்சர் நெஞ்சு நோய்க்கு அம்மன்," என்றாள் அம்மா. "புள்ளைக்காக அலகு குத்திக்கிட்டவங்க. புள்ளை பொழச்சிருச்சில்ல, அதான் எல்லாரும் கும்பிடுறாங்க."

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பாயிலிருந்து அக்கா, "அம்மா, டீச்சருக்குக் காப்பி போடல?" என்றாள். அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். காப்பி வந்தது, குடித்தார், போனார்.

நான் விடுகிற ஆள் இல்லை. அம்மா கிணற்றடிக்குப் போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மேரி மாதாதான்," என்றாள் அக்கா. "அவங்க மகன் செத்துட்டாரு. அந்தத் துக்கத்தைத்தான் கத்தி மாதிரி வரைஞ்சிருக்காங்க. அலகும் இல்ல, நேத்திக்கடனும் இல்ல. கீழ எழுதியிருக்கிறதும் துக்கத் தாய்னுதான். எங்க கான்வென்ட்டு மாடிப்படிகிட்ட சிலையே இருக்கு. செத்த மகனை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்குப் படி ஏற முடியலன்னா அங்கதான் நின்னு மூச்சு வாங்குவேன்."

"அந்த மகனுக்கு என்ன வயசு?"

"முப்பத்து மூணு."

"அப்ப அவங்களால புள்ளையைக் காப்பாத்த முடியலையா?"

"முடியல."

நான் எழுந்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குத்தான். அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் இழுக்கிற பலமே இல்லை, அதனால்தான் நின்றேன்.

"சொல்லாத. காலையில எந்திரிச்சதும் அம்மா செம்பருத்தி பறிக்கப் போறாங்க பாரு. அந்த வேலையும் இல்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அக்கா மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சாகப்போகிறவள் தானே சுமக்க வேண்டியதைத் தங்கையின் தலையில் வைத்துவிட்டுப் போகலாமா? தினமும் காலையில் அம்மா அந்தப் படத்தின் முன்னால் கண்ணை மூடி நிற்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் என் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்கிறாளே என்று எனக்குத் தோன்றும். அக்காவோ பாயில் படுத்தபடி எங்கள் இரண்டு பேர் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பிரசாதக் குங்குமத்தை நெற்றியைக் காட்டி வாங்கிக்கொள்வாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

தீபாவளிக்கு அவள் புதுச்சேலை கட்டினாள். முதல் சேலை. கட்டிவிட்டதும் களைப்பில் படுத்துவிட்டாள். அது முடிந்து சில நாளில், மழை விட்ட ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் மூச்சு நின்றுவிட்டது. சத்தமே இல்லை. அம்மா கஞ்சியோடு போய் எழுப்பினாள். அவளுக்குப் பதினேழு வயது.

துக்கத்துக்கு ஊரே வந்தது. தோட்டத்திலிருந்து அத்தைகள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். வீட்டுக்கார அம்மாள் தரையில் உட்கார்ந்து மலாயில் அழுதார். டீச்சர் வந்து சுவரோரமாக நின்றார். அம்மா மட்டும் அழவில்லை. யாராவது கட்டிக்கொண்டால் கட்டை மாதிரி இருந்தாள். "அழ வச்சிருங்க, இல்லன்னா கிறுக்குப் பிடிச்சிரும்," என்று அத்தைகள் அப்பாவிடம் கிசுகிசுத்தார்கள். அப்பா தானே அழுதுகொண்டிருந்தார், அவர் யாரை அழவைப்பது?

எல்லாரும் போன பிறகு அம்மா சாமித் தட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். காய்ந்த செம்பருத்தியைப் பிய்த்து எறிந்தாள். அரிசித் தகரத்துக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க, செருகிவைத்தாள். "கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பாத்துட்டே இருந்தாளே," என்றாள். முருகனையும் லட்சுமியையும் அவள் திட்டவில்லை. அவர்கள் பொதுச் சாமி. இவள் இதற்கென்றே வந்தவள், அதனால்தான் அந்தக் கோபம்.

அம்மா சமைத்தாள், துவைத்தாள், என் தலையை வாரிவிட்டாள். அழவில்லை. மாதங்கள் போயின. நான் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். இனிமேல் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது.

கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கும் காலத்தில் கூனிக்காரம்மா வந்தார். அக்கா போனது அவருக்குத் தெரியும். முன்பே ஒருமுறை வந்து, பாய் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார். சாமித் தட்டில் படம் இல்லாததையும் பார்த்திருப்பார், கேட்கவில்லை. இந்த முறை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வா, மாக் தெருவில் நடப்பாள் என்றார்.

"வரேன்," என்றாள் அம்மா தமிழில். என் பக்கம் திரும்பி, "அவளை நேருக்கு நேரா நாலு வார்த்தை கேக்கணும்," என்றாள். சாமியோடு சண்டை போடத்தான் அம்மா அன்றைக்குத் தலைசீவிப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன்.

ஊரின் பழைய கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றிச் சீனர், தமிழர், போர்த்துகீசியர் என்று நல்ல கூட்டம். எல்லார் கையிலும் மெழுகுவத்தி. பொழுது சாய்ந்த நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது, தாலாட்டு மாதிரியும் இருந்தது, ஒப்பாரி மாதிரியும் இருந்தது. முதலில் ஒரு பாடையைத் தூக்கி வந்தார்கள். அதன் மேல் ஓர் ஆண் சிலை, படுத்த நிலையில். விலாவில் காயம், காலில் காயம், வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தச் சிலையைச் செய்தவன் பொய் சொல்லவில்லை. அது செத்த உடம்புதான். மூச்சு நின்றபோது அக்காவின் வாய் அப்படித்தான் இருந்தது.

அம்மா என் தோளைப் பிடித்தாள். "யாருடி இது?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கறுப்புப் போர்வை போர்த்திய பெண் சிலை. நெஞ்சில் வாள். பாடைக்குப் பின்னால், அதே வேகத்தில், அவள் நடந்து வருவது போலத் தூக்கிவந்தார்கள். அம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வாய் திறந்தது. பாடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடியும் பாடையைப் பார்த்தாள்.

"இத்து சியாப்பா?" என்று பக்கத்தில் நின்ற கூனிக்காரம்மாவைக் கேட்டாள். அது யார்?

"அனாக் டியா." அவள் பிள்ளை.

"மாத்தி?" செத்துட்டானா?

"மாத்தி," என்றார் கூனிக்காரம்மா. பிறகு தன் மார்பைத் தொட்டு, தன் மகனும் கடலில் போனவன், அந்தப் படம் அதற்குப் பிறகு தன் வீட்டுக்கு வந்தது என்று மலாயில் சொன்னார். அம்மாவின் பாசார் மலாய்க்கு அவ்வளவும் புரிந்தது.

அம்மா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் அரிசித் தகரத்தை நகர்த்திப் படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், பழைய குங்குமம் போகும்வரை துடைத்தாள். சாமித் தட்டில் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அக்கா படுத்திருந்த இடத்தில் பாயை விரித்து, படத்தைச் சுவரில் சாய்த்துத் தரையில் உட்காரவைத்தாள். எதிரில் தானும் காலை மடக்கி உட்கார்ந்தாள், துக்க வீட்டில் பெண்கள் உட்கார்வது போல.

"துக்கம் கேக்க வந்திருக்காடி," என்றாள் என்னிடம். "முன்னாடியே தெரிஞ்சு வந்திருக்கா. துக்கம் கேக்க வந்தவளை வான்னு சொல்லக் கூடாது. நான் ஆரத்தி எடுத்து வா தாயின்னு கூப்பிட்டிருக்கேன். பூப் போட்டிருக்கேன், பொட்டு வச்சிருக்கேன். அவ என்ன நெனச்சிருப்பா?"

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவ மவனுக்கு என்ன வயசாம்?"

"முப்பத்து மூணு," என்றேன்.

அம்மா படத்தின் பக்கம் திரும்பினாள். "என் மவளுக்குப் பதினேழு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். தலை அவிழ்ந்து, மூக்கு சிவந்து, சளி ஒழுக, வாய் கோணி, படம் வரைகிறவன் யாரும் பக்கத்தில் வரமுடியாதபடி அழுதாள். வீட்டுக்கார அம்மாள் முன்கட்டிலிருந்து ஓடிவந்தார். அப்பா அவரைக் கையால் தடுத்து, அழட்டும் என்றார்.